இன்காய்ஸ் கடல் முன்னறிவிப்பு: அலைக்கு அஞ்சு ஸ்டார், மீனுக்கு மூணு

கடலுக்குப் போகிற வீட்டுப் பையன்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: மீன் எங்கே கிடைக்கும் என்று போனில் வருகிற படத்தை நம்பிப் போகலாமா? விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், 1999-இல் தொடங்கியது. காசு வாங்காமல் இரண்டு தகவல் தருகிறது. ஒன்று, மீன் கூடுவதற்கு வாய்ப்புள்ள இடம். கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடும். இன்னொன்று, அலை, காற்று, நீரோட்டம் எப்படி இருக்கும் என்கிற கடல்நிலை அறிவிப்பு.

எங்களுடையது ஃபைபர் வள்ளம். குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் திறந்த கடப்புரத்திலிருந்து, அதாவது கடற்கரை மணலிலிருந்து, தள்ளி இறக்குகிறோம். 9.9 குதிரைத்திறன் எஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. சாளை, அயலை, நெத்தோலி, சீசனுக்குக் கணவாய். நான் கொடுக்கும் மார்க் இந்த அளவு வள்ளத்துக்குத்தான். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுக்காரர்கள் வேறு மார்க் போடுவார்கள். சூரைக்கென்றே தனி முன்னறிவிப்பு வருவதால் அவர்களுக்கு லாபம் அதிகம்.

முதலில் மீன். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பது மீனை அல்ல. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், தண்ணீரின் நிறத்தை வைத்து அதிலுள்ள பச்சையத்தையும் அளக்கிறது. குளிர்ந்த தண்ணீரும் சூடான தண்ணீரும் சேரும் ஓரத்தில் பாசி செழிக்கும், அதைத் தின்னச் சின்ன மீன் வரும், அதைத் துரத்திப் பெரிசு வரும். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் எங்கள் வள்ளத்தில் முன்னால் நிற்கும் சித்தப்பா ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார்: "மக்கா, படத்துல மீன் கெடக்கா, தண்ணி கெடக்கா?"

தண்ணிதான் கிடக்கிறது. அந்தத் தண்ணி ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. நேற்று எடுத்த படத்தில் உள்ள ஓரம் இன்று நீரோட்டத்தோடு நகர்ந்திருக்கும். பெரிய எஞ்சின் வைத்தவர் பத்து கிலோமீட்டர் தள்ளிப்போய்த் தேடுவார். நாங்கள் தேடினால் மண்ணெண்ணெய்க் காசு மீன் காசைத் தின்றுவிடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நம் கரையில் மீன்பாடு நன்றாக இருப்பது ஆடி, ஆவணி, புரட்டாசியில். தென்மேற்குப் பருவக்காற்று கரையை ஒட்டி அடித்து மேல்தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் எழும்பி வரும். குளித்தாலே தெரியும் அந்தக் குளிர்ச்சி. அப்படி எழும்பும் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அடியில் கிடக்கிற மீனும் கரைப்பக்கம் ஒதுங்கும். சரி, அந்த மாதங்களில் வானம் எப்படி இருக்கும்? மேகம் மூடிக் கிடக்கும். மேகத்தைத் தாண்டி இந்தச் செயற்கைக்கோள்கள் வெப்பத்தையும் நிறத்தையும் பார்க்க முடியாது. போதாததற்கு மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த அறிவிப்பே கிடையாது. மேற்குப் பக்கத்துத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது விசைப்படகுக்குத்தான், வள்ளங்களுக்கு இல்லை. நாங்கள் கடலுக்குப் போகிறோம், படம் மட்டும் வருவதில்லை.

நிலவையும் கலக்குத் தண்ணியையும் படத்தில் தேடாதீர்கள். நிலவு வெளிச்சத்தில் மேலாக விடும் வலைக்குச் சாளை படாது, இருட்டு வேண்டும். தண்ணி கண்ணாடியாகத் தெளிந்திருந்தால் பகலில் தங்கூஸ் (நைலான் நரம்பு) வலையை மீன் கண்டு விலகும். மழைக்குப் பிறகு மணக்குடியில் பழையாறும் தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் சேற்றைக் கொண்டுவந்து தள்ளினால் இறால் வலைக்காரனுக்குச் சந்தோஷம், எங்களுக்குச் சலிப்பு. இதெல்லாம் கரையில் நின்று தண்ணியின் நிறத்தைப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் மூணு. வழக்கமாக வலை விடும் இடத்தில் ஒன்றும் படாமல், வானமும் தெளிந்திருக்கிற மாசி, பங்குனி நாட்களில் அதே படம் நல்ல துணை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அலைக்கு வருவோம். இதற்கு நான் மார்க் குறைக்கவே மாட்டேன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது கடலில் எத்தனை பேரை இழந்தோம் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாரக்கணக்கில் வெளியே கிடந்த படகுகளுக்குப் போன் எட்டாது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் போய்விடும். அதற்காகத்தான் 2019-இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் ஜெமினி என்ற கருவி வந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை, போன் போதும். ஆனால் கிளம்பும் முன் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பக்கத்தில் செகண்டில் ஒரு எண் இருக்கும்; ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. நம் பக்கத்துக் காற்று எழுப்பும் அலைக்கு அது ஐந்து முதல் எட்டு வரை வரும். கள்ளக்கடல் வேறு. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரை ஏறும். உயரம் ஒரு மீட்டர் என்றுதான் போட்டிருக்கும், இடைவெளியோ பதினைந்துக்கு மேல். கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துக்கொண்டு போனது இந்த மாதிரிக் கடல்தான். எச்சரிக்கை வந்திருந்தது.

ஒரு விஷயம் அறிவிப்பில் வராது: உங்கள் துறையில் அலை எங்கே உடைகிறது, துறைமுக வாயில் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது. அறிவிப்பில் உள்ள எண் வெளிக்கடலுக்கானது. வள்ளம் கவிழ்வது பெரும்பாலும் கரையோரம் அலை உடையும் இடத்தில். வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் நின்று அலைகளை எண்ணிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் கள்ளக்கடல் என்று செய்தி வந்தால் வள்ளத்தை ரோட்டு ஓரம் வரைக்கும் ஏற்றிப் போடுங்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வலையைக் கடப்புரத்தில் குவித்துவிட்டு வராதீர்கள்.