அரண்மனையா, வாட் போவா, வாட் அருணா? பாங்காக்கில் கையில் ஒரே நாள் இருந்தால்

முதுகில் ஒரு பையோடு பாங்காக்கில் இறங்கி, பழைய நகரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. அரண்மனை, வாட் போ, வாட் அருண் மூன்றும் சாவோ ப்ரயா ஆற்றை ஒட்டியே இருக்கின்றன ('வாட்' என்றால் புத்தர் கோயில்). நான் போனபோது வெளிநாட்டவருக்கான சீட்டு அரண்மனைக்கு 500 பாட், வாட் போவுக்கு 300, வாட் அருணுக்கு 200. மூன்றுக்கும் போனால் ஆயிரம் பாட் காலி. டார்மிட்டரியில் இரண்டு ராத்திரி தங்கும் காசு அது.

நான் தங்கிய இடத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "அரண்மனையை விட்டுவிடு; கூட்டம், வெயில், விலை அதிகம்." மூன்றுமே உண்மைதான். ஆனால் ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பது என் கட்சி.

1782இல் முதலாம் ராமர் என்ற அரசர் கட்டத் தொடங்கிய வளாகம் இது. கூட்டம் முண்டியடிப்பது அதற்குள் இருக்கும் கோயிலில் மரகத புத்தரைப் பார்க்க. சுமார் 66 செ.மீ. உயரச் சிலை, எட்டாத உயரத்தில் இருக்கிறது. பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை அரசரே சிலைக்கு உடை மாற்றுவார். படம் எடுக்கக் கூடாது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் பெரும்பாலானவர்கள் அடுத்த கட்டடத்துக்கு நடையைக் கட்டுகிறார்கள். நீங்கள் பிராகாரத்துக்குப் போங்கள். கோயிலைச் சுற்றிலும் நிழலான நடை, சுவர் முழுக்க ராமகியன் ஓவியங்கள், மொத்தம் 178 பகுதிகள். தாய்லாந்து ராமாயணத்தின் பெயர்தான் ராமகியன். அங்கே ராவணன் தொட்சகன், அனுமன் வெள்ளை நிறம்.

ஒரு சுவரில் மலையளவு அனுமன். அவன் திறந்த வாய்க்குள் ஒரு மண்டபம், அதற்குள் ராமன். நாலைந்து வினாடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது: இது மயில்ராவணன் கதை! கம்பனில் இல்லாதது, நம் ஊர் தோல்பாவைக் கூத்தில் விடிய விடிய நடப்பது. பாதாளத்திலிருந்து வந்து ராமனைத் தூக்கிப் போகப் பார்க்கிறவனை அங்கே மையராப் என்கிறார்கள்; அவனிடமிருந்து காக்கத்தான் அனுமன் ராமனை வாய்க்குள் வைத்திருக்கிறான். பக்கத்தில் நின்ற பயணிகளுக்கு அது ஒரு குரங்குப் படம். எனக்கோ பாட்டி சொன்ன கதை தங்கப் பூச்சோடு சுவரில் நின்றது. அந்த ஒரு சுவருக்கே 500 பாட் தகும். அதே சீட்டில், வேறொரு அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நடனமும் சேர்த்தி. அதுவும் ராமகியன்தான். எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமாயணத்தில் ஆர்வமில்லாதவர் என்றால் என் தேர்வு வாட் போ. சாய்ந்து படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். முகத்தைத் தூண்கள் மறைக்கும், பாதங்களே நிதானமாகப் பார்க்கக் கிடைப்பவை. கறுப்பு உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள். அந்தக் கிணிங் கிணிங் மண்டபம் முழுக்க ஓயாது. தாய் மசாஜுக்குப் பெயர்போன பள்ளியும் இந்த வளாகத்தில்தான். காலையிலிருந்து நடந்த கால்களுக்கு அங்கே கிடைக்கும் சுகம் தனி.

வாட் அருண் எதிர்க்கரையில். விடியலுக்குரிய அருணன் பெயர்தான், ஆனால் அழகு மாலையில். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான். கிட்டே போய்ப் பார்த்தால் பூவின் இதழாக இருப்பது ஒரு தட்டின் உடைந்த விளிம்பு. வாசலில் காவல் நிற்கும் இரண்டு அரக்கர்களில் பச்சை நிறத்தவன் நம் ராவணனேதான். இருந்தாலும் காசைப் பிடித்துச் செலவழிப்பவர்கள் மூன்றில் ஒன்றை விடுவதென்றால் இதை விடலாம். வாட் போ பக்கத்திலுள்ள தா தியன் படகுத்துறைக் கரையிலிருந்து சூரியன் அதன் பின்னால் இறங்குவதைப் பார்க்கச் சீட்டு தேவையில்லை. கிட்டே போக ஆசையென்றால் படகுக்கு 5 பாட் போதும்.

ஒரு எச்சரிக்கை. அரண்மனை மதிலோரம் கண்ணியமாக உடுத்திய ஒருவர் வந்து "இன்று விடுமுறை, வேறு கோயிலுக்கு டுக் டுக் பிடித்துத் தருகிறேன், 20 பாட்தான்" என்பார். நம்பினால் வண்டி ரத்தினக் கடையில் போய் நிற்கும். நேராக வாசலுக்கே நடங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஷார்ட்ஸுக்கு அனுமதியில்லை.

நான் போன வரிசை: எட்டரைக்கு அரண்மனை, மதியத்துக்கு மேல் வாட் போ, மாலையில் ஆற்றங்கரை. நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தால் வாட் சுதத் முன்னாலுள்ள சிவப்பு ஊஞ்சலுக்குப் போய் வாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அரசவைப் பிராமணர்கள் நடத்திய விழாவில் ஆடிய ஊஞ்சல் அது. 1935இல் ஆட்டம் நின்றுபோனது. அந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய், நம் திருவெம்பாவைதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது.