கஜா இரவின் காற்றை நான்கு பாடங்களில் படித்தல்: எர்த் நல்ஸ்கூல் இணையதளம், ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் புயலைப் பற்றி அறிவியல், புவியியல், கணிதம், தமிழ் ஆகிய நான்கு பாடவேளைகளிலும் ஒரே வாரத்தில் கற்பிக்கத் திட்டமிட்டபோது, எங்கள் டெல்டாப் பகுதிப் பிள்ளைகள் பெயர் சொன்னதும் நினைவுகூரும் கஜா புயலையே எடுத்துக்கொண்டோம். அதற்கு நாங்கள் பெரிதும் நம்பியது எர்த் நல்ஸ்கூல் என்ற இணையதளத்தை.

கேமரன் பெக்காரியோ என்னும் மென்பொருள் வல்லுநர் 2013இல் வெளியிட்ட இத்தளம், அமெரிக்காவின் வானிலைக் கணினி மாதிரி தரும் தரவுகளைக் கொண்டு, உலக உருண்டையின் மேல் காற்று ஓடும் பாதையை நகரும் கோடுகளாகக் காட்டுகிறது. கட்டணமோ பதிவோ தேவையில்லை. ஓரிடத்தைத் தொட்டால் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் திசை, வேகம் ஆகியவை தோன்றும். பழைய தேதிகளுக்கும் திரும்பிச் செல்லலாம். எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இந்தக் கடைசி வசதிதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தைய நாளிலிருந்து மூன்று மூன்று மணி நேரமாக நகர்த்தி, புயல் பாதைக்கு வடக்கே காரைக்காலையும் தெற்கே ராமேசுவரத்தையும் தொட்டுத் தொட்டு, காற்றின் திசையை மாணவர்கள் ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். வட அரைக்கோளத்தில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசும் என்று பாடநூல் சொல்வதை மனப்பாடம் செய்வது வேறு, அதன் விளைவை இரண்டு ஊர்களில் தாமே கண்டறிவது வேறு. புயல் கிழக்கே இருக்கும்போது இரண்டு ஊர்களிலும் காற்று வடக்கிலிருந்து வருகிறது. மையம் கடக்கும் வேளையில் வடக்கே உள்ள ஊருக்குக் கடலிலிருந்தும், தெற்கே உள்ள ஊருக்கு மேற்கிலிருந்தும் வீசுகிறது. கடந்து போன பின் இரண்டிலும் தெற்குக்குத் திரும்புகிறது.

இந்த வரிசையைத் தமிழ் ஆசிரியை நான்கே சொற்களில் எழுதிக்காட்டினார்: காரைக்காலுக்கு வாடை, கொண்டல், தென்றல், ராமேசுவரத்துக்கு வாடை, கோடை, தென்றல். திசைக்கொரு பெயர் வைத்த மொழியில் புயலைப் படிப்பது எவ்வளவு எளிது என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். தென்றல் என்றால் இதமான காற்று என்று மட்டுமே எண்ணியிருந்த மாணவி ஒருத்தி, புயலின் பின்பாதிக் காற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்டாள். திசைப்பெயர் வேறு, இதம் வேறு என்ற விளக்கத்திலேயே அந்தப் பாடவேளை முடிந்தது. கஜா என்பது இலங்கை தந்த பெயர் என்பதையும், பின்னர் 2020இல் வெளியான புயல் பெயர்ப் பட்டியலுக்கு இந்தியா தந்தவற்றில் முரசு என்ற தமிழ்ச்சொல் இருப்பதையும் அவரே எடுத்துரைத்தார்.

கணிதத்தில் தளம் பாதி உதவியது, பாதி தடுக்கியது. திசையைப் பாகைகளில் தருவதால் கோணப் பயிற்சிக்கு நல்லது. ஆனால் 270 என்றால் மேற்கிலிருந்து வருவது, மேற்கு நோக்கிப் போவது அன்று என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். வேகத்தைத் தொட்டால் நாட், மணிக்குக் கிலோமீட்டர் என அலகு மாறும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் வேகம் என்பதை மாணவர்கள் வகுத்தே கண்டுபிடித்தார்கள். தடுக்கிய இடம் வேகத்தின் அளவு. இவை கணினி மாதிரி அகன்ற கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டவை; காற்றுமானி அளந்தவை அல்ல. புயலின் நடுப்பகுதியில் அடித்த சூறைக்காற்றின் உச்ச வேகம் இதில் தெரியாது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்ததைக் கண்ட பிள்ளைகளிடம் இந்த எண்ணைக் காட்டி, இவ்வளவுதான் வீசியது என்று சொல்லிவிடக் கூடாது. திசையைக் கற்பிக்க இத்தளத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வலிமையைக் கற்பிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையையே வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் வரும் மழைக்காலத்தில் இதைப் பார்த்துத் தாமே எச்சரிக்கை விடுக்கத் தொடங்காதிருக்கவும் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது அவசியம்.

வேறு குறைகளும் உண்டு. வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் இல்லை. தமிழில் பயன்படுத்த வழியில்லை. ஆசிரியருக்கான பாடக்குறிப்பு எதுவும் கிடையாது. ஊர்ப்பெயர் இல்லாததை மட்டும் நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் அட்சரேகை பார்த்துக் காரைக்காலைத் தேடியதே நல்ல புவியியல் பயிற்சியாக அமைந்தது. நேரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். முதல் நாள் நாங்கள் அதைக் கவனிக்காததால் ஐந்தரை மணி நேரம் பிசகி, ஓர் அட்டவணையை முழுவதும் திரும்ப எழுதினோம்.

மேகத்தைக் காண நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தைத் துணையாகக் கொள்ளலாம். நாங்கள் பார்த்தவை 2018இல் டெர்ரா செயற்கைக்கோள் முற்பகல் பத்தரை மணியளவில் கடந்தபோது எடுத்த படங்கள் என்பதால், நள்ளிரவில் கரை கடந்த கஜாவின் முந்தைய பகலையும் அடுத்த பகலையும் மட்டுமே அதில் ஒப்பிட முடிந்தது. இடைப்பட்ட இரவுக்கு எங்களிடம் இருந்தவை மாணவர்கள் ஏட்டில் குறித்த அந்த அம்புக்குறிகள்தாம்.