ஷாங்காயின் மூன்று கோபுரங்களில் எதில் ஏறலாம்?

ஷாங்காயில் ஹுவாங்பூ ஆற்றுக்குக் கிழக்கே, லூஜியாசுய் பகுதியில் மூன்று கோபுரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றிலும் அலுவலகம், ஹோட்டல், கடைகள், உச்சியில் பார்வை மாடம் எல்லாம் உண்டு. போகிறவர்களில் பலர் உயரத்தைப் பார்த்து, 632 மீட்டர் ஷாங்காய் டவருக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஒன்றில் ஏறத்தான் நேரம் இருக்கிறதென்றால், மூன்றில் குள்ளமான ஜின் மாவைத்தான் நான் சொல்வேன்.

ஷாங்காய் டவரின் பெருமை அதன் பொறியியல். 128 மாடி, 2015-ல் கட்டி முடிந்தது. அடியிலிருந்து உச்சிக்குள் 120 டிகிரி முறுக்கிக்கொண்டு போகிறது. அந்த முறுக்கால் காற்றின் தாக்கம் 24 சதவீதம் வரை குறைகிறது. வெளியே ஒரு கண்ணாடிச் சுவர், உள்ளே இன்னொன்று. பிளாஸ்க் போல நடுவில் இடைவெளி விட்டு, அதில் தோட்டங்கள் வைத்திருக்கிறார்கள். வெயிலும் குளிரும் நேராக உள்ளே வராது. ஆனால் வாடகைக்கு விடக்கூடிய இடத்தை அந்த இடைவெளி நிறையவே தின்றுவிடுகிறது. மேகம் தாழ்ந்த நாளில் உச்சியிலிருந்து வெறும் வெள்ளைதான் தெரியும்.

உலக நிதி மையம் 492 மீட்டர். 1997-ல் அடித்தளம் போட்டதும் ஆசிய நிதி நெருக்கடி வந்து வேலை நின்றது, 2008-ல்தான் திறந்தார்கள். காற்றழுத்தத்தைக் குறைக்க உச்சியில் ஒரு திறப்பு விட்டார்கள். முதல் வரைபடத்தில் அது வட்டமாக இருந்தது. கட்டியது ஜப்பானிய நிறுவனம் என்பதால், ஜப்பான் கொடியின் சூரியன் போல இருக்கிறதே என்று எதிர்ப்பு கிளம்ப, சரிவகமாக மாற்றினார்கள். பாட்டில் ஓப்பனர் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். திறப்புக்கு மேலே, 474 மீட்டரில் கண்ணாடித் தளம். ஊரைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இங்கேயே போகலாம். ஜின் மாவின் உச்சி காலடியில் தெரியும்.

சரி, ஜின் மாவுக்கு வருவோம். 1999-ல் திறந்தது, 420.5 மீட்டர். சீனர்களுக்கு எட்டு ராசியான எண், மாடிகளும் 88. பழைய பகோடா போல அடுக்கடுக்காக ஒடுங்கிக்கொண்டே மேலே போகும். பார்வை மாடம் 340 மீட்டரில்தான். ஒரு பக்கம் மற்ற இரண்டு கோபுரங்களும் மறைக்கும். ஆனால் அங்கே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, உள்பக்கக் கண்ணாடி வழியாகக் கீழே குனிந்து பாருங்கள். 56-ஆம் மாடியிலிருந்து கட்டடத்தின் நடுப்பகுதி முழுக்க வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. ஹோட்டலின் நடைகள் மஞ்சள் வெளிச்சத்தில் வளையம் வளையமாக முப்பது மாடிக்குக் கீழே இறங்கி, அடியில் மேசைகள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். இப்படி ஒரு காட்சி மற்ற இரண்டிலும் இல்லை.

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலே போய்விடுங்கள். முதலில் ஆற்றைப் பாருங்கள், அப்புறம் உள்ளே திரும்புங்கள்.