கையால் செய்த பதாகையா, கணினியில் வடிவமைத்த சுவரொட்டியா?

சுற்றுச்சூழல் பிரசாரத்துக்குக் கிளம்பும் குழுக்களில் முதலில் வரும் சண்டை இதுதான்.

செலவு: கைவினைக்குப் பழைய துணியும் அட்டையும் போதும், ஆனால் நேரத்தை விழுங்கும். கணினியில் ஒருமுறை உழைத்தால் போதும், திரையில் மட்டும் பகிர்ந்தால் அச்சுச் செலவும் இல்லை.

பரவல்: இதில் வரைகலைக்குத்தான் வெற்றி. மறுசுழற்சியைக் குறிக்கும் மூன்று அம்புகளை 1970-ல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். இன்று எழுத்தே இல்லாமல் அது புரிகிறது. (அந்தச் சின்னம் இருந்தாலே பொருள் மறுசுழற்சி ஆகிவிடும் என்று நம்புவது வேறு கதை.)

நீடித்து உழைப்பது: துணிப் பதாகையை மடித்து வைத்து அடுத்த ஆண்டும் எடுக்கலாம், தேதியைத் தைக்காமல் விட்டிருந்தால். வடிவமைப்பை ஃப்ளெக்ஸில் அச்சடித்தால்தான் வம்பு. அது பாலியெஸ்டர் துணியில் பிவிசி என்ற பிளாஸ்டிக்கைப் பூசியது. இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சியும் எளிதல்ல. பிளாஸ்டிக் ஒழிப்புக்குப் பிளாஸ்டிக் பேனர் கட்டினால் பார்ப்பவர் சிரிக்கத்தான் செய்வார்.

எளிமை: திருத்தம் வந்தால் கணினி. ஊசி நூலில் ஓர் எழுத்துப் பிழை என்றாலும் பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

பள்ளி, பயிலரங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைவினை. பழைய துணியைத் தைக்கும்போதே குழந்தைகளுக்கு விஷயம் புரிந்துவிடும். நாளை மறுநாள் கூட்டம், நூறு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றால் கணினி. எனக்குப் பிடித்தது, கையால் செதுக்கிய அச்சில் பதித்த படத்தை ஸ்கேன் செய்து பகிர்வது.