சிறுவிடை என்று சொல்லி அசில் கிராஸ் குஞ்சைத் தலையில் கட்டுகிறார்கள், கவனம்

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள், குஞ்சுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சிறுவிடை என்பது நம் ஊர்ச் சின்ன நாட்டுக்கோழி. அசில் என்பது சண்டைக்குப் பேர்போன பெரிய இனம், அசில் கிராஸ் அதன் கலப்பு.

ஈரோடு, திருப்பூர் பக்கம் வாட்ஸ்அப்பில் படம் போட்டுக் குஞ்சு விற்கும் ஒருவரிடம் பத்துக் குஞ்சுகள் வாங்கினோம். "ஒரிஜினல் சிறுவிடைங்க. ரொம்பச் சாது, பாப்பா கையிலயே வச்சு விளையாடலாம். பத்தும் பெட்டை. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு" என்றார். சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டார், கொடுத்தோம். நேரில் வருகிறோம் என்றபோது, பண்ணைக்குள் வெளியாள் வந்தால் நோய் பரவும் என்று சொல்லி, அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

சிறுவிடையைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கோழிகளில் சின்ன இடத்துக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைவிடத் தோதான இனம் எனக்குத் தெரியாது. பெட்டை முழுதாக வளர்ந்தாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோதான் இருக்கும். முட்டை சிறிது, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் தானே அடை உட்கார்ந்து 21 நாளில் பொரித்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்க்கும். கரையானும் கீரையும் நொய்யும் போதும். எங்கள் பாட்டி வீட்டில் பஞ்சாரம் போட்டு வளர்த்ததெல்லாம் இதுதான்.

வந்த குஞ்சுகளில் மூன்று இரண்டாவது வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலில் செத்துப்போயின. அரசு கால்நடை மருந்தக டாக்டர் பார்த்துவிட்டு, இவற்றுக்கு ஒரு சொட்டு மருந்துகூடப் போட்ட மாதிரி தெரியவில்லை என்றார். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். எட்டு வாரம் ஆனபின்தான் இறக்கையில் ஊசி. அதனால் பத்து நாள் குஞ்சுக்கு "எல்லாம் போட்டாச்சு" என்று யார் சொன்னாலும் அது பொய். அரசே பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது. இதற்கென்று விற்பவரிடம் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

மீதி ஏழும் நன்றாக வளர்ந்தன, தேவைக்கு மேலேயே. மூன்று மாதத்தில் ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டியது. நீண்ட கழுத்து, தடித்த கால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் நிற்பு. ஏழில் ஐந்து சேவல். அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. சாதாரணமாகக் கொத்திவிட்டு விலகுகிற சண்டை இல்லை. ஒன்று கீழே விழுந்த பிறகும் மற்றது விடாது. இரண்டு பெட்டைகளும் தங்களுக்குள் அதேபோலக் கொத்திக்கொண்டன, ஒன்றுக்கு ஒரு கண் போய்விட்டது. பிரித்துவிடப் போன என் மகளின் முழங்கையை ஒரு சேவலின் நகம் நீளமாகக் கிழித்துவிட்டது. அதன்பின் அவள் கொல்லைப்புறம் பக்கமே போவதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பக்கத்து ஊரில் பெருவிடை என்னும் பெரிய நாட்டுக்கோழி வளர்க்கும் பெரியவர் ஒருவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், இது அசில் கிராஸ் என்று. குஞ்சு பொரிப்பகங்களில் கறிக்காகப் பொரிக்கிற குஞ்சு. அசில் ஆளிடம் நன்றாகப் பழகும், மடியில்கூட உட்காரும். "கையில் எடுக்கலாம்" என்று தைரியமாகச் சொல்லி விற்க இதுதான் வசதியாக இருக்கிறது. ஆனால் தன் கூட்டத்தோடு அது ஒத்துப்போகாது. அதனால்தான் அசில் வளர்ப்பவர்கள் சேவல்களைத் தனித்தனியாகக் கட்டி வைக்கிறார்கள். நாலு கோழி ஒரே கூட்டில் அடைய வேண்டிய வீட்டுக்கு அது சரிப்படாது.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பசுவுலயும் முட்டுற மாடு இருக்குமுங்க" என்றார். அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அடையாளம் சொல்கிறேன். நம் பக்கத்துச் சிறுவிடைக்குப் பெரும்பாலும் ஒற்றையாகப் பல் வைத்து நிற்கும் கொண்டை, குட்டைக் கால். அசில் கலப்பு என்றால் பெரும்பாலும் கொண்டை தலையோடு ஒட்டித் தடித்திருக்கும், அலகுக்குக் கீழே தொங்கும் தாடி இருப்பதே தெரியாது. ஆனால் பஞ்சுக் குஞ்சாக இருக்கும்போது இதை நம்பி முடிவெடுக்க முடியாது. தாயைப் பார்த்தால்தான் உறுதி. பெட்டை, சேவல் கதையும் அதேதான். நாட்டுக்கோழிக் குஞ்சைப் பொரித்த வாரத்தில் படத்தைப் பார்த்துப் பெட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆசனவாயைப் பார்த்துப் பிரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆறு, எட்டு வாரம் ஆகி, சேவலுக்குக் கொண்டை சிவந்து வரும்போதுதான் நமக்குத் தெரியும்.

ஆகவே குஞ்சு வாங்காதீர்கள். மூன்று நான்கு மாத விடைக்கோழியாக, வீட்டில் வளர்ப்பவரிடம் நேரில் போய் வாங்குங்கள். மேயவிட்டிருக்கும்போது பாருங்கள், தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தீனியை விட்டுவிட்டு மற்றதைத் துரத்தித் துரத்திக் கொத்துவது எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும். மூன்று பெட்டை போதும். முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே வேண்டாம்.

முட்டை அதிகம் வேண்டும் என்பவர்கள் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான கிராமப்பிரியாவை விசாரிக்கலாம். அமைதியான கோழிதான், அடை உட்காருவது அபூர்வம். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். எங்களுக்கு விற்ற அதே ஆள், பஞ்சு போன்ற இறகுள்ள "சில்க்கி" இனம் என்று வெள்ளைக் குஞ்சும் அதிக விலைக்கு விற்கிறார். சில்க்கி உண்மையிலேயே சாதுதான். அதற்குக் காலில் ஐந்து விரல், மற்ற கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்குதான். குஞ்சிலேயே எண்ணிப் பார்க்கலாம், தோலும் கறுப்பாக இருக்கும்.

இன்னொன்று, "முட்டையிடும் பருவக் கோழி" என்று மூக்கு நுனி வெட்டிய கோழியைக் காட்டினால், அது பெரும்பாலும் முட்டைப் பண்ணையில் கழித்துவிட்ட கோழி. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி வாங்கி, இதுவரை ஒரு முட்டைகூடக் காணவில்லை.

நமக்குக் குஞ்சு விற்றவர் இப்போது வேறு எண்ணில் அதே படத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமரத்தடியில் செம்பட்டை நிறத் தாய்க்கோழி, சுற்றிலும் குஞ்சுகள். அந்தப் படம் வந்தால், தாய்க்கோழியை இன்றைய நாளிதழோடு வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.