பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாரின்ர சேவை: டவுனில நல்லம், உள்ளுக்க காணாது

கடையில பழுதான சாமான் வாங்கினா ஆரிட்டப் போய்ச் சொல்லுறது எண்டு வன்னியில கனபேருக்குத் தெரியாது, அதால எனக்கு நடந்ததை எழுதுறன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கடையில வாங்கின பிஸ்கட் பைக்கற்றில திகதிக்கு மேல இன்னொரு ஸ்டிக்கர், நகத்தால சுரண்டினா கீழ முடிஞ்ச திகதி. கேட்டதுக்கு "கொம்பனியால அப்பிடித்தான் வருது தங்கச்சி" எண்டிட்டார் கடைக்கார அண்ணை. பைக்கற்றையும் பில்லையும் கொண்டுபோய் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில குடுத்தன். அங்க இருந்த பிஎச்ஐ வடிவா விசாரிச்சு எழுதி எடுத்தவர், சுணங்காமல் கடைக்குப் போய் மிச்சப் பைக்கற்றுகளையும் எடுத்துக்கொண்டு போனவர். உண்மையா எதிர்பாக்கேல்ல.

1980ம் ஆண்டு 26ம் இலக்க உணவுச் சட்டத்தில பிஎச்ஐ மாருக்கு கடைக்குள்ள போய்ப் பாக்க, மாதிரி எடுக்க, சாமானைக் கைப்பற்ற, கோட்டில வழக்குப் போட அதிகாரம் இருக்கு. ஆனா நாங்கள் பைக்கற்றைக் கிழிச்சு எறிஞ்சிட்டுப் போனா அவையும் என்ன செய்யிறது. பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கோ, இல்லாட்டி "என்ர கடையில வாங்கேல்ல" எண்டு சொன்னா கதை முடிஞ்சுது.

குறை என்னெண்டா ஏ9 ரோட்டை விட்டு உள்ளுக்க போனா இவையைக் காணுறதே அரிது. ஒரு பிஎச்ஐ மோட்டச்சைக்கிளில எவ்வளவு ஊரைத்தான் சுத்துறது, ஆள் காணாது, அது விளங்குது, ஆனா டவுனில ஓடாத, திகதி கிட்டின சாமானை லொறிக்காரர் இந்தச் சின்னக் கடையளிலதான் இறக்கினம், பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையள்தான் அதை வாங்கிச் சாப்பிடுதுகள். யோகட்டுக்குத் திகதி இருந்தாலும் கரண்ட் நிண்டு நிண்டு வாற இடத்தில, சித்திரை வெய்யிலில, கதவு மூடாத பிறிட்ஜில கிடந்தா அந்தத் திகதியை நம்பேலுமோ? பிறிட்ஜையும் பாக்கவேணும், லேபிளை மட்டும் பாத்திட்டுப் போறது காணாது.

சோடா வாங்கேக்க சீனி அளவைக் காட்டுற நிற வட்டத்தையும் பாருங்கோ, 2016ல வந்த விதி அது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு.

என்ர மார்க் 5க்கு 3. போட்ட விலைக்கு மேல ஆரும் வித்தா அது பாவனையாளர் அதிகாரசபைக்குச் சொல்லவேணும், நம்பர் 1977.