ஜோங்காவுக்குப் பெட்ரோலா, டீசலா?

ராணுவம் கழித்துவிட்ட ஜோங்கா ஜீப்பை வாங்கி வீட்டில் நிறுத்தியவர்கள் எல்லோரும் ஒரு வருடத்துக்குள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். உள்ளே கிடக்கும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சரி பண்ணி ஓட்டுவதா, இறக்கி வைத்துவிட்டு லாரி டீசல் எஞ்சினை ஏற்றுவதா? நான் பெட்ரோலிலேயே நின்றுவிட்டேன். மச்சான் ஹினோ என்ற லாரி டீசல் எஞ்சினுக்குப் போய்விட்டார். இரண்டு வண்டியும் பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக் கொட்டகையில்தான் நிற்கின்றன. நான் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிட்டதால் நடுநிலை வேஷம் போடப் போவதில்லை.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. நிஸான் கம்பெனியின் பேட்ரோல் (Patrol) 60 என்ற வண்டியை உரிமம் வாங்கி ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி' என்பதைச் சுருக்கினால் ஜோங்கா. 1969இல் தொடங்கி 1999 வரை வந்தது. எஞ்சின் 3,956 சிசி. 2019இல் தோனி ராஞ்சியில் ஒன்றை ஓட்டிய படம் வந்ததிலிருந்து, மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிக்குக்கூட விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மைலேஜில் டீசல்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. என் வண்டி லிட்டருக்கு நாலு தருகிறது. மச்சானுடையது பத்தை ஒட்டி வருகிறது. ஆனால் நான் வருடத்துக்கு ஓட்டுவது 1,500 கிலோமீட்டர். எனக்கு 375 லிட்டர் பெட்ரோல், அவருக்கு 150 லிட்டர் டீசல். வித்தியாசம் வருடத்துக்கு இருபத்துநாலாயிரம் வரும். எஞ்சின், மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர், லேத் கூலி என்று அவருக்கு ஆன செலவு இரண்டரை லட்சம். அது திரும்பி வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். தினமும் எஸ்டேட்டுக்குச் சுமை ஏற்றுபவர் என்றால் கணக்கு தலைகீழ். அவர் டீசலுக்கே போகட்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. வண்டி படுத்துவிட்டால் கொட்டகையில் நான் ஒற்றை ஆளாக எழுப்ப முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயம் போதும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. மூன்றையும் வீட்டில் வைத்தே பார்க்கலாம். ஒருமுறை ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்துச் சுற்றினால் பொறி மஞ்சளாக, சோனியாக வந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன், உள்ளே தொட்டு விலகும் பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. உப்புத்தாளில் ரெண்டு இழுப்பு, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்து இடைவெளி சரி செய்தேன், கண்டென்சரை மாற்றினேன். அரைமணி நேர வேலை. கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் ஊதி, மிதவையைப் பார்த்து மாட்டுவதற்கு ஒரு ஞாயிறு காலை போதும். பானெட் உள்ளே அவ்வளவு இடம். எஞ்சினுக்குப் பக்கத்தில் கால் வைத்து நின்றுகொண்டே டேப்பெட் (வால்வ் இடைவெளி) வைக்கலாம்.

டீசலிலும் பாதி வேலையை வீட்டில் செய்யலாம். ஃபில்டர் மாற்றலாம், டீசல் குழாயில் மாட்டிய காற்றை (ஏர் லாக்) எடுக்கலாம். ஆனால் கோளாறு டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பம்ப்பிலோ நாசிலிலோ என்றால் அதோடு கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கழற்றிச் சாக்கில் சுற்றி, கோவையில் பம்ப் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். மச்சான் ஒருமுறை தானே பார்க்கலாம் என்று பம்ப் சீலை உடைத்துவிட்டார். லேபில் இருந்தவர் முதலில் கேட்டதே, "ஏனுங்க, இதுல யாருங்க கை வெச்சது?" என்பதுதான். பதினோரு நாள் வண்டி கொட்டகையிலேயே கிடந்தது.

இன்னொன்று எடை. லாரி டீசல் கனமானது. முன்பக்க ஸ்பிரிங் பட்டை தணிந்து அவர் வண்டி மூக்கைக் கீழே போட்டது; பட்டை சேர்த்தபின் குதிக்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது, நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை பேசும். எஞ்சினை இறக்க வேண்டுமென்றால் என் கொட்டகை விட்டமும் செயின் பிளாக்கும் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம். நான் முயன்று பார்த்ததில்லை.

பெட்ரோலின் வம்புகளையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை வெயிலில் மலை ஏறினால் வண்டியின் எரிபொருள் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் மரத்தடியில் உட்கார வேண்டும். துணியும் தண்ணீர்க் கேனும் சீட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. அதைவிடப் பெரிய தலைவலி இப்போது பங்கில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறிப் பிசினாகிவிடுகிறது. காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். நான் எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன், பம்ப் டயஃப்ரத்தையும் மாற்றினேன். இப்போது வண்டியை நிறுத்தும் முன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுகிறேன். ரெண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை. பத்து வருடம் தாங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உதிரி பாகத்திலும் டீசல்காரர் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஹினோ சாமான் எந்த லாரி ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். எனக்கு ஹெட் கேஸ்கெட் ஒன்று வேண்டுமென்றால் பழைய வண்டிச் சாமான் விற்கும் டெல்லி மாயாபுரிக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் போன் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் கிடைக்கும்போதே ரெண்டாக வாங்கி வைக்கிறேன். புஷ், ஷாஃப்ட், வால்வ் கைடு மாதிரி சாமான்களைக் கோவை லேத் பட்டறையில் பழசைக் காட்டினால் கடைந்து கொடுத்துவிடுகிறார்கள். பிரேக், கியர்பாக்ஸ், 24 வோல்ட் வயரிங் எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே பாடுதான். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

அப்புறம் காகிதம். எஞ்சின் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பெட்ரோல் டீசலாக மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வழி இன்னும் குறுகிவிட்டது. ஜபல்பூரிலேயே கடைசி வருடங்களில் ஹினோ டீசல் வைத்துப் பொதுமக்களுக்கு விற்ற ஜோங்கா உண்டு. பிறக்கும்போதே டீசலாகப் பிறந்த அந்த வண்டி கிடைத்தால் இந்தத் தொல்லை கிடையாது. கண்ணில் படுவதுதான் அபூர்வம்.

மச்சான் மாற்றியபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை. போன வருடம் விற்கப் பார்த்தார். வந்தவர் ஓட்டிப் பார்த்து, அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, ஆர்.சி.யை வாங்கிப் படித்தார். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றே இருந்தது. காபி குடித்துவிட்டுப் போனவர் போனை எடுக்கவில்லை.